ரத்தம் ஊறுகிற மாத்திரை

ஜூன் 10

இந்த டைரி மதுரையில் ஆம்ப்ளிபயர் விற்கும் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. அட்டையில் பெரிய ஸ்பீக்கர் படம். இத்தனை மாதமாக ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு உருவி எடுத்தேன். மேசை மறுபடி ஆடுகிறது.

எழுதச் சொன்னது ஹசீனா மேடம். க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறதே, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற இடம், அங்கே அவர் ஆலோசகர். "உங்ககிட்ட முக்கியமான விஷயம் பேசுனா ஒண்ணு சிரிக்கிறீங்க, இல்லாட்டி ஸ்பீக்கரைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுறீங்க. வாயில வரலன்னா எழுதியாவது பழகுங்க" என்றார். எனக்கு வாயில் வரவில்லையாம்! சின்னமனூரில் பாண்டி சவுண்ட் சர்வீஸ் என்றால் தெரியாத ஆள் கிடையாது. நான் மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த பெரியோர்களே" என்று ஆரம்பித்தால் முல்லையாற்றுக்கு அந்தப் பக்கம் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிரஞ்சனா என் தங்கச்சி செல்வராணியின் மகள். ஒன்பதாம் வகுப்பு. பிறக்கும்போதே அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவள் அப்பா லாரி ஓட்டியவர், அவர் முதலில் போனார். பிறகு தங்கச்சி. அப்போது பிள்ளைக்கு நாலு வயது. அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். நன்றாக என்றால், கபடி சொல்லித் தருகிறேன் என்று போன என் சட்டையைக் கிழிக்கிற அளவுக்கு.

ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது "இது எதுக்கு மாமா?" என்று கேட்டாள். "ரத்தம் ஊறுற மாத்திரை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அது அப்படியே நிலைத்துவிட்டது. பாட்டில் வாங்கி வந்ததும் மேலே ஒட்டியிருக்கிற தாளை ஊறவைத்துச் சுரண்டி எடுப்பது என் வேலை. அதில் நான் கைதேர்ந்தவன்.

"பெரிய பிள்ளை ஆயிட்டா. நீங்களே சொல்லுங்க, இல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம். தெரிஞ்ச பிள்ளைதான் மாத்திரையை விடாது" என்கிறார் மேடம். நானே சொல்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 14

இன்று சொல்லவில்லை. காதுகுத்து வீட்டில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது.

ஜூன் 22

நிருவைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போனேன். சொல்வதற்கென்றே திட்டம் போட்டுத்தான் போனேன். பஸ்ஸில் மனதுக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. அருவிக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து மாங்காய்க் கீற்று தின்றுகொண்டிருந்தோம். "நிரு, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"என்ன மாமா, அத்தை பாத்துட்டீங்களா?" என்று அவள் கத்தினாள். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த குடும்பம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

அருவிச் சத்தத்தில் இதை எப்படிச் சொல்வது? கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொல்கிற விஷயமா இது? இரண்டு முறை குளித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தடுமன் பிடித்துவிட்டது.

ஜூன் 30

மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் ஊரெல்லாம் அம்மன் கோவில் திருவிழா, எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஆடி முடிந்ததும் நிதானமாகச் சொல்லிவிடலாம். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 6

போடியிலிருந்து பூங்கொடி அக்கா வந்திருந்தாள். என் பெரியக்கா. தங்கச்சி போன பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே உடன்பிறப்பு. கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தேன். அக்காவுக்கு விரதமாம். தண்ணீர்கூடத் தன் பாட்டிலிலிருந்துதான் குடித்தாள். அக்காவுக்குப் பக்தி அதிகம். எங்கள் வீட்டுக்கு வருகிற நாளிலெல்லாம் பார்த்து ஏதாவது ஒரு விரதம் வந்துவிடுகிறது.

நிருவுக்குப் பிஸ்கட் வாங்கி வந்திருந்தாள். "அந்தா, மேசை மேல வச்சிருக்கேன், எடுத்துக்கத்தா" என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எலேய், நாற்பது ஆகப்போகுது உனக்கு. ஒரு வரன் வந்திருக்கு. டீச்சர் டிரெய்னிங் முடிச்ச பொண்ணு. புள்ளைய மட்டும் எங்கிட்டாவது ஹாஸ்டல்ல சேத்துவிட்டுட்டா..."

"ஜாதகம் பொருந்தாதுக்கா" என்றேன்.

"இன்னும் ஜாதகத்தையே காமிக்கலயேடா!"

எனக்குத் தெரியும், பொருந்தாது. அக்கா போனதும் நானும் நிருவும் குழம்பைச் சட்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு வழித்துச் சாப்பிட்டோம்.

ஜூலை 17

வியாழக்கிழமை. நிருவின் பள்ளிக்கூடத்தில் வியாழன்தோறும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நீலமாக இருக்குமாம். "அதுவும் ரத்தம் ஊறுறதுக்குத்தான் மாமா, டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

"நல்லதுதான், போட்டுக்க" என்றேன்.

கோம்பையில் திருவிழா. குழாய் ஸ்பீக்கர் ஒன்றில் கரகரப்பு. காயில் போய்விட்டது போலிருக்கிறது. சாயங்காலம் ஆனால் நான் எங்காவது ஒரு மேடைக்குப் பின்னால் இருப்பேன். எட்டு மணிக்கு அங்கிருந்தே போன் அடிப்பேன். "போட்டாச்சா?" "போட்டாச்சு மாமா." பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை! பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தத்தின் அளவு பார்த்திருக்கிறார்கள். வகுப்பிலேயே நிருவுக்குத்தான் அதிகம். டீச்சர் கை தட்டச் சொன்னாராம். பை வைக்கக்கூட நேரமில்லாமல் கடைக்கு ஓடி வந்து சொன்னாள்.

"பாத்தியா? இத்தனை வருஷம் விடாம மாத்திரை போட்டதுக்குப் பலன்" என்றேன்.

"அப்போ எனக்கு ரத்தம் ஊறிருச்சா மாமா?"

"ஊறி வழியுது போ!"

அல்வா வாங்கி வந்தேன். ஒரே தாளில் வைத்து இரண்டு பேரும் தின்றோம்.

ஆகஸ்ட் 15

நிருவின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மைக் செட் நம்முடையது, இலவசம். நிரு மேடையேறி ஒரு வரி விடாமல் பேசினாள். என் குரல்தான், வேறு யார் குரல் வரும்? அவளுடைய தோழி தங்கமீனா வெயிலில் நின்று மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள். நிருதான் தூக்கி நிழலில் உட்கார வைத்தாள். "அவளுக்கு ரத்தம் ஏழுதான் இருக்கு மாமா, பாவம்" என்று வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். இளகின மனசு. அது எங்கள் குடும்பத்து மனசு.

செப்டம்பர் 4

க.விலக்கு போய் வந்தோம். கிருமியின் அளவு பார்க்க நிருவிடம் ரத்தம் எடுத்தார்கள். அவளைப் பொறுத்தவரை அதுவும் ரத்தம் ஊறியதா என்று பார்க்கத்தான். மிச்ச மாத்திரையைக் காட்டச் சொன்னார்கள், அவள் பாட்டிலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறாள். எப்போதும் மறக்க மாட்டாள்.

ஹசீனா மேடம் என்னைப் பார்த்து, "ஆடி முடிஞ்சிருச்சே" என்றார். "ஆவணி முகூர்த்தம் மேடம்" என்றேன்.

செப்டம்பர் 25

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மேடம் போன் பண்ணினார், உடனே நிருவோடு வரச் சொன்னார். போனோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நிருவின் உடம்பில் கிருமி ஏறியிருக்கிறது. வருஷக்கணக்காக அடங்கிக் கிடந்தது, இப்போது ஆயிரக்கணக்கில். "மாத்திரை ஒழுங்கா போடுறாளா?" என்று கேட்டார். சத்தியம் பண்ணினேன். தினமும் எட்டு மணிக்கு நானே போன் அடிக்கிறேன் என்றேன்.

நிருவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை.

"நிப்பாட்டிட்டேன் சார். எனக்கு ரத்தம் நல்லா ஊறிருச்சு, ஸ்கூல்லயே பாத்தாங்க. அதுக்கு முன்னாடியும் வியாழக்கிழமை மட்டும் வீட்டு மாத்திரை போட மாட்டேன். ஸ்கூல்ல ஒண்ணு தர்றாங்கல்ல. ஒரே நாள்ல ரெண்டு போட்டா அதிகமாயிரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்போம் என்றார் டாக்டர். கிருமி அடங்கவில்லை என்றால் இந்த மருந்து அவளுக்கு இனி வேலை செய்யாது என்று அர்த்தம். வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதையும் விட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் செல்வராணியைப் பார்த்தவன்.

மேடம், "இப்பவே இங்கயே பேசிரலாமா?" என்றார். வீட்டில் போய் நானே சொல்கிறேன் என்றேன். "இன்னைக்கு" என்றார். இன்னைக்கு என்றேன்.

பஸ் முழுக்க அவளை வைதுகொண்டே வந்தேன். யாரைக் கேட்டு நிறுத்தினாய், பெரிய டாக்டரா நீ என்று. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்கதானே ரத்தத்துக்குன்னு சொன்னீங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

கடைக்கு வந்ததும், போடாத மாத்திரையெல்லாம் எங்கே என்றேன். கடைக்கு மேலேதான் வீடு. மாடிக்குப் போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே அத்தனையும் இருந்தது. மேலே ஒரு ரிப்பன்கூடக் கட்டியிருந்தாள்.

"வீணாக்கல மாமா. தங்கமீனாவுக்குச் சேத்து வச்சேன். நாளைக்கு அவ பொறந்தநாள். அவளுக்குத்தான் ரத்தமே இல்லயே."

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஒரு பாவமும் அறியாத அந்தப் பிள்ளை இதை விழுங்கியிருக்கும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். உட்கார முடியவில்லை. கடைத் தரையில் நேற்றைய கட்சிக் கூட்டத்து வயர் சிக்கலாகக் கிடந்தது. ஒரு நுனியை அவள் கையில் கொடுத்தேன். சுற்ற ஆரம்பித்தேன். வயர் சுற்றும்போது எங்களுக்கு அதுதான் பழக்கம், அவள் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் முழங்கையில் சுற்றிக்கொண்டே அவளை நோக்கிப் போவேன்.

வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இது ரத்தம் ஊறுற மாத்திரை இல்ல நிரு. உனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பொறக்கும்போதே வந்தது. இந்த மாத்திரை அதை அடக்கி வச்சிருக்கு. இத விட்டா அது எந்திரிச்சுக்கும்."

அவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை வருஷம். அடுப்பில் பால் பொங்கி வழிவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம்.

"அம்மா இதுலதான் செத்தாங்களா?"

"ஆமா. அப்போ அவ லேட்டா ஆஸ்பத்திரிக்குப் போனா."

"அப்பா?"

"அவரும்."

"அம்மாவாலதான் எனக்கு வந்துச்சா?"

"அவளுக்கே தெரியாதுத்தா. உன்னைச் சுமந்துக்கிட்டு இருக்கும்போது அவ டெஸ்டே எடுக்கல. தெரிஞ்சிருந்தா உனக்கு வராமப் பண்ணிருப்பாங்க." இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. மைக்கில் ஒரு நாளும் உடையாத குரல்.

அவள் நுனியை விடவில்லை. நான் சுற்றிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"உங்களுக்கு மாமா?"

"எனக்கு இல்ல."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எனக்கெதுக்குடி டெஸ்ட்?"

"எடுக்காம எப்படித் தெரியும்?" என்றாள். நுனியை என் கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு அவளே எடுத்து விழுங்கினாள். தண்ணீர் கொடுத்தேன்.

செப்டம்பர் 26

தங்கமீனாவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாளாம்.

செப்டம்பர் 28

சாப்பிட உட்கார்ந்தேன். என் தட்டு மட்டும் இருந்தது. அவள் தனியாக ஒரு தட்டு, தனியாக ஒரு டம்ளர் எடுத்து, ரிப்பன் துணி சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். துண்டையும் சோப்பையும்கூடப் பிரித்துவிட்டாள். அவள் டம்ளரை நான் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"உங்களுக்கு வரக்கூடாது."

"தட்டுல எல்லாம் வராதுடி. சேந்து சாப்பிட்டா வராது, குளிச்சா வராது. ரத்தம் வழியாத்தான். பத்து வருஷமா உன் எச்சிலத் தின்னுருக்கேன் நான்."

"ரத்தம் ஊறும்னும் நீங்கதான் சொன்னீங்க."

குழம்பு உப்பாக இருந்தது. இரண்டு பேருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். அக்கா வந்திருந்தாள். நிரு சுண்டல் கொண்டுவந்து நீட்டினாள். "இன்னைக்கு விரதம்த்தா" என்றாள் அக்கா. வீட்டுக்காவது எடுத்துப் போங்க என்று நிரு சொன்னாள். வழியில் சிந்திவிடும் என்றாள் அக்கா. நிரு தலையாட்டினாள். அக்கா தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போன பிறகு கேட்டாள். "பெரியம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியல. என் உடம்பு மாமா அது."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மிச்சச் சுண்டலைத் தனித்தனியாகத் தின்றோம். அக்காவின் விரதங்களைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

அக்டோபர் 9

ஹசீனா மேடம் நிருவோடு தனியாக வெகுநேரம் பேசினார். வெளியே வந்தபோது நிரு சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு! பஸ்ஸில் எனக்குப் பாடம் நடத்தினாள். கொசு கடித்தால் வராது, தொட்டால் வராது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பின்னால் கல்யாணம் பண்ணலாம், பிள்ளைகூடக் கிருமி இல்லாமல் பிறக்கும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவள்தான் முடிவு பண்ண வேண்டுமாம், வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாதாம். எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் புதிதாகக் கேட்பவன்போல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"அப்போ இன்னைக்கு ஒரே தட்டுல சாப்பிடலாமா?" என்றேன்.

"நீங்க டெஸ்ட் எடுங்க. எடுத்துட்டு உக்காருங்க."

"மேடமே வராதுன்னு சொல்லிட்டாங்களே!"

"நானும் நம்புறேன். ரிசல்ட்டையும் பாத்துக்கிறேன்."

அக்டோபர் 20

தீபாவளி. பச்சைச் சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். எட்டு மணி மாத்திரைக்கு இப்போது நான் போன் அடிப்பதில்லை. அவள் எனக்கு அடிக்கிறாள். "போட்டாச்சு." அவ்வளவுதான், வைத்துவிடுகிறாள். புது பாட்டில் வந்தது. தாளைச் சுரண்டப் போனேன், "இருக்கட்டும் மாமா, அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கணும்" என்றாள்.

நவம்பர் 12

டெஸ்ட் எடுக்கவில்லை. ஐப்பசி முகூர்த்தம் தலைக்கு மேல் இருக்கிறது.

நவம்பர் 20

கார்த்திகை பிறந்துவிட்டது. ஊரெல்லாம் ஐயப்பன் பஜனை. சளி வேறு. சளியோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று நிருவிடம் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். பொதுவாகச் சொல்வார்கள் என்றேன்.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றுமில்லை. சலூனுக்குப் போனால் பல வருஷமாக என் பிளேடை நானே கொண்டுபோவேன், அது சுத்தத்துக்காக. அது வேறு, இது வேறு.

டிசம்பர் 29

நிருவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர நாளாகும். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது கம்பத்திலிருந்து ஒரு கிராக்கி போன் பண்ணினார், பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போவதற்குள் மூடிவிட்டார்கள். நிருவிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஹசீனா மேடத்தின் அதே "ம்".

ஜனவரி 16

மாட்டுப்பொங்கல். கரும்பை நடுவில் வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துவிட்டாள். போன வருஷம் ஒரே கரும்பில் அந்த நுனியிலிருந்து அவளும் இந்த நுனியிலிருந்து நானும் கடித்துக்கொண்டு வந்தோம். பாதிக் கரும்பு இனிக்கவில்லை. நாளை மறுநாள் போகிறேன், அடுத்த வாரம் போகிறேன் என்று இதில் எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 23

டாக்டர் தாளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிரு தாளைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

கிருமி அடங்கிவிட்டது. மெஷினாலேயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அதே மருந்து போதும், மாற்ற வேண்டியதில்லை. "சபாஷ், இது நீயே பண்ணது" என்று டாக்டர் அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை, அது நியாயம்தான். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெளியே வந்தால் நிரு என் கையைப் பிடித்து ரத்தப் பரிசோதனை அறைக்கு இழுத்துப்போனாள். "என் ரிசல்ட் வந்திருச்சு. இனி உங்களுது." இன்றைக்கு எந்தக் கிராக்கியும் போன் பண்ணவில்லை.

ரத்தம் எடுத்துவிட்டு, வெளியே இருங்கள், கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன்! ஆனாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். செல்வராணி கடைசியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். அவள் புண்ணைக் கழுவிய கையில் காயம் ஏதாவது இருந்ததா? சோற்றைப் பிசையும்போது எத்தனையோ நாள் அது நினைவுக்கு வந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. பத்து வருஷம் தெரியாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறேன். விரதம் இருந்தது அக்கா மட்டும் இல்லை. உள்ளங்கை வேர்த்து ஒழுகியது.

நிரு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் சுடிதாரில் துடைத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க மாமா. என்னவா இருந்தாலும் தெரிஞ்சுக்கிறது நல்லது. இருந்துச்சுன்னாகூட மாத்திரை இருக்கு. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் சேந்து போட்டுக்குவோம். நான் இருக்கேன்ல?"

நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அருவியிலும் பஸ்ஸிலும் மூன்று விதமாக யோசித்து எனக்கு வராத வார்த்தை. அந்த நொடி, இருந்தால்தான் என்ன என்றுகூடத் தோன்றிவிட்டது.

கூப்பிட்டார்கள். நிருவும் கூடவே உள்ளே வந்தாள். ஒன்றுமில்லை என்றார்கள்.

அவள் அழுதுவிட்டாள். தனக்கு இருக்கிறது என்று தெரிந்த அன்று அழாத பிள்ளை, எனக்கு இல்லை என்றதும் தேம்பித் தேம்பி அழுதாள். "பத்து வருஷம் மாமா, பத்து வருஷம் என்கூடச் சாப்பிட்டும் வரல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹசீனா மேடம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வெளியே புரோட்டாக் கடையில் நல்ல பசியோடு உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்கள் முன்னால் இரண்டு இலையை விரித்தார். நிரு தன் இலையைச் சுருட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஒண்ணு போதும்ணே. சால்னா மட்டும் நிறைய ஊத்துங்க."